காலில் எலும்பே இல்லாமல் போனால்: வளையமா, சிமெண்டா, அடுத்த காலின் எலும்பா, இல்லை காலை எடுப்பதா?

கால் முறிந்தது என்றால் நம் வீடுகளில் யாரும் பெரிதாகப் பதறுவதில்லை. உள்ளே கம்பி வைப்பார்கள், ரெண்டு மூன்று மாதம் எம்சி (மருத்துவ விடுப்பு), விரால் மீன் சூப், அப்புறம் எழுந்து நடந்துவிடுவான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் எக்ஸ்ரேயைக் காட்டி "இந்த இடத்தில் ஆறு சென்டிமீட்டர் எலும்பே இல்லை" என்று டாக்டர் சொன்னதும் வாயடைத்துப் போகிறார்கள். மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் அடிபட்டு எலும்புத் துண்டைச் சாலையிலேயே விட்டுவந்தவன், முதல் ஆபரேஷனுக்குப் பிறகு சீழ் பிடித்து, செத்த எலும்பை வெட்டியெடுக்க வேண்டி வந்தவன், எலும்பில் கட்டி வந்த பள்ளிக்கூடப் பையன் என்று வந்த வழி ஆளுக்கு ஆள் வேறு. கேள்வி ஒன்றுதான்: அந்த இடைவெளியை எதை வைத்து நிரப்புவது?

நான் மலேசியாவில், பினாங்கில் பிசியோதெரபி வேலை பார்ப்பவள். கத்தி பிடிப்பது டாக்டர்களின் வேலை; அதற்குப் பிறகு ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ அந்தக் காலோடு கூடவே இருப்பது என் வேலை. அதனால் என் பார்வை கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். எலும்பு சேர்ந்ததா என்று அவர்கள் பார்ப்பார்கள், முட்டி மடங்குகிறதா, குதிகால் தரையில் படுகிறதா, ஆள் மறுபடியும் பிறை என்ற ஊரில் பட்டறை வேலைக்குப் போனானா என்று நான் பார்ப்பேன். இந்த வழிகளில் எது உசத்தி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உங்கள் காலின் நிலைமை இது, உங்கள் வீட்டின் நிலைமை இது என்று சொன்னால், எது தாங்கும் எது தாங்காது என்று ஓரளவு சொல்ல முடியும். இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

முதலில் ஒரு விஷயம். எலும்புக்குத் தானாக வளரும் சக்தி உண்டு, ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. சுற்றளவில் பாதிக்கு மேல், நீளத்தில் ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டால் எவ்வளவு காலம் காத்திருந்தாலும் சேராது என்று பொதுவாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பு, டிபியா. அதன் முன்பக்கத்தை நீங்களே தடவிப் பாருங்கள், தோலுக்கு அடியில் நேராக எலும்புதான், நடுவில் சதை கிடையாது. அடிபட்டால் தோல் கிழிந்து எலும்பு வெளியே வந்துவிடும், மண்ணும் அழுக்கும் உள்ளே போகும், ரத்த ஓட்டமும் அங்கே கம்மி. தொடை எலும்புக்குச் சுற்றிலும் நல்ல சதை இருப்பதால் அந்த அளவு கஷ்டம் வருவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குடும்பங்கள் இதில்தான் பொறுமை இழக்கின்றன. எந்த வழியை எடுத்தாலும் முதலில் கிருமி போக வேண்டும், எலும்பை மூடத் தோலும் சதையும் வேண்டும். செத்த எலும்பை மிச்சம் வைக்காமல் வெட்டியெடுப்பார்கள், அதனால் இடைவெளி முன்னைவிடப் பெரிதாகத் தெரியும், "இவர்களே எலும்பை எடுத்துவிட்டார்கள்" என்று சொந்தக்காரர்கள் வார்டு வாசலில் சண்டைக்கு நிற்பார்கள். நிற்காதீர்கள். கொஞ்சம் செத்த எலும்பை விட்டுவைத்தாலும் ஆறு மாதம் கழித்து அங்கிருந்துதான் சீழ் வடியும், அப்போது போட்ட பிளேட், வைத்த எலும்பு எல்லாம் வீண்.

சரி, வளையத்துக்கு வருவோம். இலிசாரோவ் முறை. சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில் கவ்ரீல் இலிசாரோவ் என்ற டாக்டர் 1950-களில் உருவாக்கியது. ரொம்ப நாள் சோவியத் நாட்டுக்கு வெளியே இது சரியாகத் தெரியவே இல்லை. கார்லோ மௌரி என்ற இத்தாலிய மலையேறி ஆறாத பழைய கால் முறிவோடு 1980-இல் குர்கான் போய்க் காலைச் சரிசெய்துகொண்டு திரும்பிய பிறகுதான் மேற்கு நாட்டு டாக்டர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காலைச் சுற்றி இரும்பு வளையங்கள், அதிலிருந்து எலும்பைக் குறுக்கே ஊடுருவிப் போகும் மெல்லிய கம்பிகள். இடைவெளிக்கு மேலேயோ கீழேயோ நல்ல எலும்பு இருக்கும் இடத்தில் ஒரு வெட்டுப் போடுவார்கள். ஏழு நாள், சில சமயம் பத்து நாள் சும்மா விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வெட்டிய துண்டை ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் வீதம் இடைவெளியை நோக்கி நகர்த்துவார்கள். துண்டு நகர நகர, அது விட்டுவந்த இடத்தில் புது எலும்பு முளைக்கும். வேறு யாருடைய எலும்பும் வேண்டாம், வேறு இடத்திலிருந்து எடுக்கவும் வேண்டாம், உங்கள் காலே அதை உண்டாக்குகிறது. இதைப் பல வருஷமாகப் பார்த்துவிட்டேன், இன்னும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

ஆனால் அந்த 1 மில்லிமீட்டரை நகர்த்துவது யார்? டாக்டர் இல்லை, மிஸ்ஸியும் (நர்ஸும்) இல்லை. நீங்கள்தான், அல்லது உங்கள் மனைவி. நாளைக்கு நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மில்லிமீட்டர். திருகுக் கம்பியின் மரை ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் போகும்படி இருப்பதால், சின்ன ஸ்பானரை வைத்து நட்டைக் கால் சுற்று திருப்ப வேண்டும். நட்டின் ஒரு பக்கத்தில் சிவப்பு நகப்பாலிஷ் வைத்துக்கொண்டால் எவ்வளவு திருப்பினோம் என்று குழப்பம் வராது. இதைப் பட்டர்வொர்த்தில் ஒரு நோயாளியின் மனைவியிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன், இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன். அவர் அடுப்பங்கரைச் சுவரில் காலண்டரை மாட்டி, திருப்பிய நேரத்தைப் பேனாவால் குறித்துவைத்திருந்தார். ஒரு நாளைக்கு ரெண்டு கட்டம் காலியாக இருந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்டில் நான் கேட்காமலே அவரே சொல்லிவிடுவார்.

கணக்கைப் பாருங்கள். ஆறு சென்டிமீட்டர் என்றால் நகர்த்துவதற்கே ரெண்டு மாதம். அத்தோடு முடியாது. முளைத்த எலும்பு முதலில் கஞ்சிபோல் இருக்கும், அது இறுகி எடையைத் தாங்க இன்னும் பல மாதம் ஆகும். மொத்தத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றரை மாதத்திலிருந்து ரெண்டு மாதம் வளையம் காலில் இருக்கும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம். "மூன்று மாதத்தில் கழற்றிவிடுவார்கள்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் சொன்னால் நம்பாதீர்கள். நகர்ந்து வந்த துண்டு மறுமுனையில் போய் முட்டும் இடம் பெரும்பாலும் சுலபமாக ஒட்டாது, அங்கே சுரண்டி எலும்புத்தூள் வைக்க இன்னொரு சின்ன ஆபரேஷன் தேவைப்படலாம். கம்பி தோலைத் துளைக்கும் இடங்களில் புண் வரும். வருமா என்று கேட்காதீர்கள், ஒரு தடவையாவது வரும், சுத்தமாகத் துடைத்து மாத்திரை போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எனக்குப் பெரிய தலைவலி வேறு. எலும்பு நீள நீளக் கெண்டைச்சதை இழுபட்டுக் குதிகால் மேலே தூக்கிக்கொள்ளும், பாதம் கீழ்நோக்கித் தொங்கும். துவாலையைப் பாதத்தில் மாட்டி தன் பக்கம் இழுக்கச் சொல்வோம். வலிக்கிறது என்று நிறையப் பேர் வீட்டில் செய்வதில்லை. வளையம் கழன்ற பிறகு, எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் நுனிக்காலில்தான் நடக்கிறான் என்றால் அது வெற்றியா? இன்னொரு பக்கம், இந்த வளையத்தில் ஒரு பெரிய நன்மை உண்டு: அதைப் போட்டுக்கொண்டே எடை வைத்து நடக்கலாம், நடக்கவும் வேண்டும். கைலி கட்டிக்கொண்டு வளையத்தோடு குட்டி இந்தியாவில் காய்கறி வாங்கிக்கொண்டு போன ஆட்களை எனக்குத் தெரியும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் படியேறட்டுமா என்று கேட்டவரும் உண்டு. 500-க்கும் மேற்பட்ட படி, அந்தக் கூட்டத்தில் யாராவது வளையத்தில் இடித்தால் என்ன ஆவது! முருகன் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்வார் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்தது சிமெண்ட். அலென் மஸ்கலே என்ற பிரெஞ்சு டாக்டர் 1980-களில் கண்டுபிடித்த முறை, ரெண்டு ஆபரேஷன். முதலில் இடைவெளியில் எலும்பு சிமெண்டைக் கட்டியாக வைத்து மூடிவிடுவார்கள், பெரும்பாலும் அதில் கிருமியைக் கொல்லும் மருந்தையும் கலந்திருப்பார்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் உடம்பு அந்தச் சிமெண்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்றை உண்டாக்கும். வெளிப்பொருள் ஒன்றை ஒதுக்கிவைக்கத்தான் உடம்பு அதைச் செய்கிறது, ஆனால் அந்த உறையில் ரத்தக் குழாய்கள் நிறைய இருக்கும், எலும்பு வளர்வதைத் தூண்டும் பொருள்களையும் அது சுரக்கும். ரெண்டாவது ஆபரேஷனில் உறையைக் கவனமாகத் திறந்து, சிமெண்டை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்தோ தொடை எலும்பின் உள்ளிருந்தோ எடுத்த எலும்புத்தூளை நிரப்பித் தைத்துவிடுவார்கள்.

இதில் ஈர்ப்பு என்னவென்றால், உள்ளே பிளேட்டோ கம்பியோ வைத்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. பேண்ட் போடலாம், காரில் உட்காரலாம், நட்டுத் திருப்ப ஆள் வேண்டாம். இடைவெளி நாலு சென்டிமீட்டராக இருந்தாலும் பத்தாக இருந்தாலும் இறுகும் காலம் அவ்வளவாக மாறாது என்பதும் ஒரு லாபம், வளையத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் காலம் கூடிக்கொண்டே போகும். ஆனால் தூள் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. பெரிய இடைவெளிக்கு ரெண்டு பக்க இடுப்பும் போதாமல் போகும், எடுத்த இடுப்பு மாதக்கணக்கில் வலிக்கும், சிலருக்குக் காலைவிட அதுதான் அதிகம் வலித்தது. கிருமி துளி மிச்சமிருந்தாலும் வைத்த தூள் அத்தனையும் கரைந்துபோகும், மறுபடி எடுக்க இடுப்பில் மிச்சம் இருக்காது. எடை வைப்பதிலும் அவசரப்பட முடியாது, பல மாதம் ஊன்றுகோல்தான். வெளியே ஒன்றும் தெரியாததால் வீட்டில் உள்ளவர்களும் "காயம் ஆறிவிட்டதே, எழுந்து நட" என்று விரட்டுவார்கள். வளையம் போட்டவனை யாரும் விரட்டுவதில்லை, பார்த்தாலே தெரிகிறது அல்லவா.

மூன்றாவது, அடுத்த காலிலிருந்து ஃபிபுலாவை எடுத்து வைப்பது. டிபியாவுக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஓடும் எலும்பு அது. உடல் எடையில் பெரும்பகுதியை டிபியாதான் தாங்குகிறது என்பதால் கணுக்கால் பக்கம் ஒரு பகுதியை விட்டுவிட்டு மிச்சத்தை, அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாயோடு சேர்த்து எடுத்து, இந்தக் காலில் பொருத்தி, மைக்ரோஸ்கோப்பின் கீழே குழாயோடு குழாயை வைத்துத் தைப்பார்கள். 1975-இல் ஆஸ்திரேலியாவில் இயன் டெய்லர் குழு செய்துகாட்டியது. உயிருள்ள எலும்பு என்பதால் சாதாரண முறிவு போலவே ஒட்டும், கதிர்வீச்சு வாங்கிய, தழும்பு விழுந்த மோசமான இடத்திலும் பிழைக்கும், 20 சென்டிமீட்டர் வரைகூட நிரப்பலாம். எலும்புப் புற்றுநோய்க்காகப் பெரிய பகுதியை எடுத்த சின்ன வயசுப் பிள்ளைகளுக்கு இது நல்ல வழி என்று பல டாக்டர்கள் நினைக்கிறார்கள்.

ஆனால் நாள் முழுக்க நீளும் ஆபரேஷன். தைத்த குழாய் அடைத்துக்கொண்டால் அத்தனையும் போச்சு. அடிபட்ட காலில் நல்ல ரத்தக் குழாய் மிச்சமிருக்க வேண்டும், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் சிகரெட் பிடிப்பவர்களுக்கும் அங்கேயே கதவு பாதி மூடிவிடும். இதைச் செய்யும் கை எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது, கோலாலம்பூருக்கு அனுப்பினால் ஆச்சரியப்படாதீர்கள். அப்புறம், ஃபிபுலா ஒல்லியானது. எடை படப்படத் தடிக்கும், ஆனால் தடிக்கும் வரை, குறிப்பாக முதல் வருஷத்தில், முறிய வாய்ப்பு உண்டு. நல்ல காலில் எடுத்த பக்கத்திலும் பெருவிரல் மடக்குவதில், கணுக்காலில் கொஞ்சம் கோளாறு வரலாம். இருப்பது ஒரு நல்ல கால், அதிலும் கை வைக்கிறார்களே என்று அம்மாக்கள் அழுவதைப் பார்த்திருக்கிறேன், அந்த அழுகையில் நியாயம் இல்லாமல் இல்லை.

ரெண்டு சின்ன வழிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இடைவெளி மூன்று சென்டிமீட்டர் அளவில் இருந்தால் ரெண்டு முனையையும் ஒன்றோடொன்று நெருக்கிச் சேர்த்து, காலைக் குட்டையாக்கிவிட்டு, பிறகு வேறிடத்தில் நீட்டிக்கொள்ளலாம், அல்லது செருப்பில் ஹீல் வைத்துச் சமாளிக்கலாம். அறுபது வயசுக்காரருக்கு இது கேவலமான யோசனை இல்லை. அடுத்தது, உள்ளே வைத்துக் காந்த ரிமோட்டால் நீட்டும் கம்பி. வளையம் இல்லாமல் வளையத்தின் வேலையைச் செய்யும், ஆனால் விலை வீட்டுக் கடன் நினைவுக்கு வரும் அளவு, கிருமி பட்ட எலும்பில் வைக்கத் தயங்குவார்கள். கையில் காசும் சுத்தமான எலும்பும் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இனி யாரும் பேச விரும்பாத வழி. "ஏம்மா, காலை எடுத்துடுவாங்களா?" என்று கேட்கும்போதே குரல் தாழ்ந்துவிடும். அமெரிக்காவில் எட்டுப் பெரிய விபத்துச் சிகிச்சை மையங்களில் மோசமாகக் கால் அடிபட்ட 569 பேரைப் பின்தொடர்ந்த லீப் ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ரெண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் காலைக் காப்பாற்றியவர்களுக்கும் எடுத்தவர்களுக்கும் அன்றாட வாழ்க்கை அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வேலைக்குத் திரும்பியதும் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய பாதிப் பேர்தான். காலைக் காப்பாற்றியவர்கள்தான் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். யாருடைய நிலைமை மோசமாக இருந்தது என்று பார்த்தால், ஆபரேஷன் வகையைவிட, படிப்புக் குறைவு, வறுமை, கூட நிற்க ஆள் இல்லாதது, சிகரெட் இவைதான் அதிகம் தீர்மானித்தன. நான் பார்ப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தால் முட்டி மிச்சம், அது பெரிய சொத்து. பொய்க்காலில் நடக்க வழக்கத்தைவிட ஏறக்குறைய கால்வாசி அதிக சக்தி செலவாகும், முட்டிக்கு மேலே எடுத்தால் அது மிக அதிகம். காயம் ஆறி, வீக்கம் வடிந்து, சில மாதங்களில் பொய்க்காலில் நிற்க வைத்துவிடலாம், வளையத்தில் இருப்பவன் அப்போது இன்னும் நட்டுத் திருப்பிக்கொண்டிருப்பான். ஆனால் அடிக்காலில் உணர்வு இருந்து, ரத்த ஓட்டம் இருந்து, ஆள் இளவயசு, கிருமியை அடக்க முடிகிறது என்றால் முதல் வாரத்திலேயே எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. எட்டு ஆபரேஷன் முடிந்து, மூன்று வருஷம் போய், வேலை போய், இன்னும் சீழ் வடிகிறது என்ற நிலையில் "எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று ஒருவர் சொன்னால், அதைத் தோல்வி என்று பேசும் மாமா சித்தப்பாக்களை வார்டுக்கு வெளியே நிறுத்துங்கள்.

காசு. அரசாங்க ஆஸ்பத்திரியில் படுக்கையும் அப்பாயின்ட்மென்டும் சில வெள்ளி (ரிங்கிட்) தான். ஆனால் வளையம், பிளேட் போன்ற சாமான்களுக்குத் தனியாகக் கட்டச் சொல்வதுண்டு, அங்கேதான் கை சுடும். ஆஸ்பத்திரியிலேயே மருத்துவ சமூகநலப் பிரிவு இருக்கிறது, கூச்சப்படாமல் முதல் வாரத்திலேயே போய்ப் பேசுங்கள். வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ வழியில் விபத்து நடந்திருந்தால் அது பெர்கேசோ என்ற தொழிலாளர் காப்புறுதியில் வரும். எம்சி நாட்களுக்குச் சராசரிச் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு, பொய்க்கால் தேவைப்பட்டால் அதுவும், மலாக்காவில் அவர்களுடைய மறுவாழ்வு மையமும் இருக்கிறது. சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்கள் சுயதொழில் திட்டத்தில் சந்தா கட்டியிருக்கிறார்களா என்று இன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். போலீஸ் ரிப்போர்ட்டை யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

என் சாய்வைக் கேட்டால் சொல்கிறேன். டிபியாவில் நாலிலிருந்து பத்து சென்டிமீட்டர், கிருமி வந்து போன கால், வீட்டில் பொறுமையான ஓர் ஆள் இருக்கிறார் என்றால் வளையம். கிருமியே வராத சுத்தமான இடைவெளி, சுற்றிலும் நல்ல சதை, ஆனால் ஆள் தனியாக வாடகை அறையில் இருக்கிறார், நாலு மாடி ஏற வேண்டும் என்றால் சிமெண்ட் முறை. 12, 15 சென்டிமீட்டர், சின்ன வயசு, நல்ல ரத்தக் குழாய் என்றால் ஃபிபுலா. இந்த மூன்றையும்விட ஒரு படி மேலே நான் வைப்பது, உங்கள் டாக்டர் எதை அதிகமாகச் செய்திருக்கிறார் என்பதை. வருஷத்துக்கு ஒரு வளையம் போடுபவரிடம் வளையமும், வருஷத்துக்கு ஒரு ஃபிபுலா வைப்பவரிடம் ஃபிபுலாவும் கேட்டு வாங்காதீர்கள். "நீங்கள் எதை அதிகம் செய்வீர்கள், சரியாக வராவிட்டால் அடுத்தது என்ன?" என்று மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சிகரெட்டை விடாமல் இதில் எதையும் ஆரம்பிக்காதீர்கள், வேப் என்ற மின்சிகரெட்டும் சேர்த்துத்தான், நிகோடின் எலும்பை ஒட்டவிடாது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். விரால் மீன் தாராளமாகச் சாப்பிடுங்கள், புரதம்தானே, ஆனால் அது எலும்பை முளைக்க வைக்கும் என்று எண்ணிக்கொண்டு நட்டுத் திருப்ப மறக்க வேண்டாம். எண்ணெய் கட்டுப் போடுகிறேன், உருவிவிடுகிறேன் என்று வருபவரை வளையம் இருக்கும் காலின் பக்கமே விடாதீர்கள்.

வேறொரு டாக்டரிடமும் கருத்துக் கேட்கப் போவதாக இருந்தால், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ரெண்டு காலும் தெரியும் முழுநீள எக்ஸ்ரே, சீழில் என்ன கிருமி வளர்ந்தது என்ற கல்ச்சர் ரிப்போர்ட், ஒவ்வொரு ஆபரேஷனிலும் என்ன செய்தார்கள் என்ற குறிப்பு, இந்த மூன்றின் பிரதியையும் கையோடு கொண்டுபோங்கள். கல்ச்சர் ரிப்போர்ட் இல்லாமல் வருபவர்களை டாக்டர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வைப்பார், அதில் ஒரு மாதம் போய்விடும்.